இராவணனை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

போன போயா (பௌர்ணமி) லீவன்று எங்கள் வீட்டு விறாந்தையில் ஒன்றரை மணித்தியாலம் ஒரே சண்டை. இல்லாத ஓர் ஊரில், இல்லாத ஓர் ஆற்றங்கரையில், இல்லாத ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். அந்தப் பிள்ளையைப் பாதையில் ஏற்றலாமா கூடாதா என்பதுதான் பிரச்சினை. (வெளியூர் ஆட்களுக்கு: எங்கள் திருக்கோணமலைப் பக்கத்தில் ஆற்றையும் களப்பையும் கடக்கிற மிதவைக்குப் பாதை என்று பெயர். கிண்ணியாவுக்குப் பாலம் திறந்தது 2009இல்தான், அதுவரைக்கும் பாதைதான்.) அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் எண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோவன், இதுக்கேன் இந்தச் சத்தம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது தொடங்கியது. போனில் சார்ஜ் இல்லை, மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை, நாங்கள் இருக்கிற உவர்மலையை விட்டு இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்ற சோம்பலும் சேர்ந்துகொண்டது. கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் எப்போதோ வந்தபோது விட்டுப்போன ஒரு விதிப்புத்தகமும் ஒரு பை நிறையத் தாயக்கட்டைகளும் அலுமாரியில் கிடந்தன. மெழுகுதிரி வெளிச்சத்தில் விளையாட இதைவிடத் தோதானது வேறில்லை. ஒருவர் கதையை நடத்த வேண்டும், அது நான். மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறாய் என்று நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், சரிவருமா என்பதை இருபது முகக் கட்டை சொல்லும். கரண்ட் வந்த பிறகும் இது நிற்கவில்லை.

பாத்திரத்தின் விபரங்களை எழுதுகிற தாளில் அலைன்மென்ட் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இரண்டு சொல் எழுத வேண்டும். ஒழுங்கு, விதி, கொடுத்த வாக்கு இதையெல்லாம் மதிக்கிற ஆள் என்றால் லோஃபுல், தன் மனசு சொல்வதைத் தவிர வேறு விதி இல்லை என்றால் கேயொட்டிக், இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். அதே மாதிரி குட், ஈவில், நடுவில் திரும்பவும் நியூட்ரல். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது பெட்டி. நீங்கள் இந்த விளையாட்டைக் கேள்விப்படாவிட்டாலும் அந்த ஒன்பது கட்டப் படத்தைப் பார்த்திருப்பீர்கள், நடிகர்களையும் அரசியல்வாதிகளையும் சோற்றையும் கறியையும் கூட அதில் போட்டு ஆட்கள் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பெட்டிகளில் நீண்ட காலமாக ஒரு கடுப்பு. ஆனால் என்ன பிழை என்று சொல்லத் தெரியாமல் இருந்தேன். இது எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்த பிறகு கொஞ்சம் விளங்கியது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது ஒன்பதும் கிடையாது, நல்லவன் கெட்டவனும் கிடையாது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான், எந்தப் பிராணி எதில் சேரும் என்று ஒரு பட்டியல், மனிதர்கள் மட்டும் பெருந்தன்மையாக மூன்று பட்டியலிலும் வந்தார்கள். அதற்கும் மூன்று வருசம் முன்னால் செயின்மெயில் என்று ஒரு போர் விளையாட்டு, மேசையில் சின்னச் சின்னப் பொம்மைப் படைகளை வைத்து ஆடுவது. இந்தப் பிரிப்பு அதிலேயே இருந்தது. அங்கே அது எதற்கு? யார் எந்தப் படையில் நிற்கலாம் என்று சொல்வதற்கு. அவ்வளவுதான். கால்பந்துக்கு இரண்டு கலரில் பெனியன் கொடுப்பது போல. கருத்தைக் கதைகளிலிருந்து எடுத்தார்கள், பூல் ஆண்டர்சனிடமிருந்தும் மைக்கேல் மூர்காக்கிடமிருந்தும். மூர்காக்கின் உலகத்தில் ஒழுங்கு நல்லது என்று ஒன்றும் இல்லை, அது முழுதாக வென்றால் எல்லாம் உறைந்து செத்துப்போகும்.

பிறகு 1976 பெப்ரவரியில் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி, ஒழுங்கு வேறு நன்மை வேறு என்று இரண்டாவது கோட்டைக் கீறினார். அது நல்ல யோசனைதான், சட்டத்தை மதிக்கிற அயோக்கியனையும் சட்டத்தை மதிக்காத நல்லவனையும் நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1978இல் வந்த புத்தகத்தில் ஒன்பது பெட்டியும் சட்டமாகிவிட்டது. பிழை அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அதுவரை ‘எந்தப் பக்கம்’ என்று கேட்டுக்கொண்டிருந்த கட்டம், பெயரை மாற்றாமலே ‘எப்படிப்பட்ட ஆள்’ என்று கேட்கத் தொடங்கியது. ஆனால் பழைய கேள்வியும் போகவில்லை. ஒரே கட்டத்துக்குள் இரண்டு கேள்வி, ஒரு விடை.

இது சும்மா நூல் பிடிக்கிற வேலை என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தலைமுறைக்கு ‘நீ எந்தப் பக்கம்’ விளையாட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. அடையாள அட்டையை நீட்டினால் பெயரையும் பிறந்த ஊரையும் பார்த்தே பக்கம் தீர்மானமாகிவிடும், அந்தப் பக்கத்திலிருந்தே குணமும் தீர்மானமாகிவிடும். ஒரு மந்திரத்தால் ஆளின் அலைன்மென்டை அறியலாம் என்று விதிப்புத்தகத்தில் வாசித்தபோது எனக்குப் புதுமையாக ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று, அந்தப் பழைய விதிகளில் ஒவ்வொரு அலைன்மென்டுக்கும் ஒரு தனி மொழி உண்டு. நல்லவர்களுக்கு ஒரு பாஷை, கெட்டவர்களுக்கு ஒரு பாஷை, அலைன்மென்ட் மாறினால் உங்கள் பழைய பாஷை மறந்துபோகும். அமெரிக்காவில் இருந்து எழுதியவருக்கு அது ஒரு விளையாட்டு வசதி. பேசுகிற மொழியை வைத்து ஆளைப் பக்கம் பிரித்த நாட்டில் இருந்து வாசிக்கும்போது சிரிப்பு அரைவாசியில் நின்றுவிடுகிறது. சரி, அதை விடுவோம்.

எங்கள் மேசைக்கு வருகிறேன். அக்கா (சொந்த அக்கா இல்லை, பக்கத்து வீடு, கணக்கு ரீச்சர்) பலடின் ஆடுகிறா. பலடின் என்றால் கடவுள் பேரில் சத்தியம் செய்த வீரன், பழைய விதியில் கட்டாயம் லோஃபுல் குட்டாக இருக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து வருகிற கூட்டாளி கள்ளன் ஆடுகிறான், தாளில் கேயொட்டிக் குட் என்று எழுதியிருக்கிறான். தம்பி ஏ.எல். படிக்கிறவன், காட்டுச் சாமியார் மாதிரி ட்ரூயிட், உண்மையான நியூட்ரல். அதை ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு “அண்ணா, அதுக்குத்தான் ஒண்டும் யோசிக்கத் தேவையில்ல” என்றான். நாலாவது ஆள் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன், பெரிய வாள்வீரன், அந்தக் கட்டத்தை இன்றுவரை வெறுமையாகவே வைத்திருக்கிறான், கேட்டால் “எஞ்சினுக்கு மூட் கேக்கிறேல்ல மச்சான், ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிறது” என்பான்.

நான் வைத்த காட்சி இது. ஆற்றுக்கு மேலே பாலம் உடைந்துவிட்டது. ஒரு பாதை மட்டும். துறைக்காவலன் பன்னிரண்டு துண்டு கொடுப்பான், துண்டு இருப்பவர்கள் ஏறலாம், பொழுது பட்டால் அடுத்தது நாளைக்கு. ஒரு வியாபாரி ஐந்து துண்டு வைத்திருக்கிறான், ஒன்று அவனுக்கு, நாலு அவனுடைய மூட்டைகளுக்கு. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன், கையில் துண்டு இல்லை. எங்கள் நாலு பேரிடமும் துண்டு இருக்கிறது.

கள்ளன் உடனே வியாபாரியிடம் களவெடுக்கப் போனான். அக்கா விடவில்லை. நான் நினைத்தேன், பலடின் ஆடுகிறவர்கள் எல்லா இடத்திலும் செய்கிற மாதிரி விதியைக் காட்டி மூஞ்சியை நீட்டப் போகிறா என்று. அவ சொன்னது வேறு. “துண்டை ஒருக்கா மீறினா, நாளைக்கு உந்தத் தகப்பன் துண்டோட வந்தாலும் அவனுக்கு இடமில்ல. பலம் இருக்கிறவன்தான் ஏறுவான்.” பிறகுதான் கதை வெளியே வந்தது. 2022இல் அவ ஒரு பெற்றோல் செட் வரிசையில் இரண்டு நாள் ஸ்கூட்டியோடு நின்றிருக்கிறா, இரண்டாம் நாள் பின்கேட்டால் ஆட்கள் கான் கானாகக் கொண்டுபோவதைக் கண்ணால் பார்த்திருக்கிறா, தன்னுடைய முறை வந்தபோது முடிந்துவிட்டது. வரிசை என்பது ஆள்பலம் இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே சொத்து என்று அவ நம்புகிறா. அப்படிப் பார்த்தால் லோஃபுல் என்ற சொல்லுக்கு ஒரு ஆவேசமே இருக்கிறது.

கூட்டாளி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான், அவனுடைய தங்கச்சி பிறக்கப்போன ராத்திரி உம்மாவைத் துறைக்குக் கொண்டுவந்தபோது பாதை கட்டிப்போட்டு எல்லாரும் போய்விட்டார்களாம். யாரோ ஒரு மனுசன் எழும்பிவந்து, தன் பொறுப்பில் அவிழ்த்து, இருட்டில் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். “அந்த ஆள் அண்டைக்கு விதியப் பாத்திருந்தா எனக்குத் தங்கச்சி இல்ல.”

இப்போது சொல்லுங்கள், இதில் யார் லோஃபுல், யார் கேயொட்டிக். தாளில் இரண்டு பேரும் எதிரெதிர் மூலையில் நிற்கிறார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான், ஏலாதவன் கரையில் விடுபடுவான் என்ற பயம். ஒருவர் விதி உடைந்ததால் விடுபட்டவர், மற்றவர் விதி உடைந்ததால் பிழைத்தவர். ஒன்பது பெட்டி இந்த வித்தியாசத்தைக் குணம் என்று பதிந்துகொள்கிறது, எனக்கு அது அனுபவம் என்றுதான் தோன்றுகிறது. இன்னும் பத்து வருசத்தில் வேறு ஒரு துறையில் வேறு ஒன்று நடந்தால் இரண்டு பேரும் இடம் மாறி நிற்கக்கூடும்.

நடுவில் தம்பி. உண்மையான நியூட்ரல் என்பதற்கு 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு கொடுக்கிற விளக்கத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். நொல் என்கிற கெட்ட மிருகமனிதர் கூட்டத்தோடு ட்ரூயிட் சண்டை பிடிப்பானாம், அந்தக் கூட்டம் முழுதாக அழியப்போகிறது என்று கண்டால் சமநிலைக்காகக் கட்சி மாறி அவர்களைக் காப்பாற்றுவானாம். எஞ்சின்காரன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான், “உப்பிடி ரெண்டு பேர் எங்கட சங்கத்திலயும் இருக்கினம்” என்றான். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. முடிவெடுக்கத் தேவையில்லை என்று எடுத்தவன், ஒவ்வொரு நிமிசமும் தராசைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியவனாகப் போனான்.

இந்த இடத்தில்தான் இராவணன் வந்தான். திருக்கோணமலையில் எதைப் பேசினாலும் கடைசியில் வருவான், கோட்டைக்குள் மான் வருவது போல. அவனை எந்தப் பெட்டியில் போடுவது என்று எஞ்சின்காரன்தான் கேட்டான். அக்கா யோசிக்காமல் லோஃபுல் ஈவில் என்றா. நாட்டை ஒழுங்காக ஆண்டான், அடுத்தவன் பெண்சாதியைத் தூக்கினான், கணக்கு முடிந்தது. கூட்டாளி, “ஒழுங்கான ஆள் மலையை வெட்டுவானா” என்று கேயொட்டிக்குக்கு மாற்றினான்.

தெரியாதவர்களுக்கு அந்தக் கதை. சுகமில்லாத தாய் கும்பிடட்டும் என்று கோணேசர் இருந்த மலையையே பெயர்க்க வாளால் வெட்டினானாம், சுவாமிமலையில் இராவணன் வெட்டு என்று அந்தப் பிளவு இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. பிறகு தாய் இறந்துவிட்டாள் என்று கேட்டு, கடன் கழிக்கத் தண்ணீருக்காக ஏழு இடத்தில் குத்தினானாம், அதுதான் கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும். எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக்கு அங்கே போகிற வழக்கத்துக்கும் இந்தக் கதைதான் காரணம் சொல்வார்கள். இதையெல்லாம் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தபோது, “சீதையிட்ட செய்தது பிழை, தாய்க்குச் செய்தது சரி. அதை ஏன் கூட்டிக் கழிக்கிறியள்?” என்றா.

எனக்குத் திகைப்பாகப் போய்விட்டது, ஏனென்றால் சம்பந்தரும் கூட்டிக் கழிக்கவில்லை. அவருடைய பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், கோணமலைப் பதிகத்திலும் வருகிறான். கயிலையைத் தூக்கப் போகிறான், சிவன் விரலால் அழுத்துகிறார், நசுங்குகிறான், பாடுகிறான், வரம் வாங்குகிறான். ஒரே பாட்டுக்குள் அடியும் அருளும். ஒன்று மற்றதை ரத்துச் செய்வதில்லை. கடவுளுக்கே ஒரு பெட்டி போதவில்லை. மலையில் வெட்டுக்குப் பக்கத்தில் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், கைகூப்பியபடி நிற்கிறான், நேர்த்திக்குத் தொட்டில் கட்ட வருகிறவர்கள் அவனையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அவன் வீட்டிலேயே மற்ற இரண்டு பேரையும் பாருங்கள். பிழை என்று தெரிந்து பக்கம் மாறினான் விபீடணன். பிழை என்று தெரிந்தும் தின்ற சோற்றுக்காகப் பக்கம் மாறாமல் போய்ச் செத்தான் கும்பகர்ணன். பக்கமும் குணமும் ஒன்றென்றால் இந்த இரண்டு பேரில் ஒருவரை நாங்கள் எப்போதோ மறந்திருப்போம். விபீடணன்தான் சரி என்று சொல்லிக்கொண்டே கும்பகர்ணனுக்காக அழுகிறவர்கள் நாங்கள்.

விளையாட்டைச் செய்தவர்களுக்கும் இது மெல்ல மெல்லப் பிடிபட்டிருக்கிறது போல. 2008இல் ஒன்பதை ஐந்தாகக் குறைத்தார்கள், 2014இல் ஒன்பதைத் திரும்பக் கொண்டுவந்தாலும் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். தீமையை அறிகிற பழைய மந்திரம் இப்போது பேய், பிசாசு, தேவகணம் மாதிரியானவற்றைத்தான் காட்டும், பக்கத்தில் நிற்கிற மனிதன் கெட்டவனா என்று சொல்லாது. இதே விதிகளை வைத்து 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டில் அந்தக் கட்டமே இல்லை. எனக்கு இதில் பாதிச் சந்தோசம்தான். கட்டத்தை எடுத்துவிட்டால் சண்டையும் போய்விடும், அந்தச் சண்டை இல்லாவிட்டால் கிண்ணியாத் துறையில் பாதை அவிழ்த்த மனுசனை நான் கேள்விப்பட்டிருக்கவே மாட்டேன். 1985இல் வந்த அல்டிமா 4 என்ற கணினி விளையாட்டு இதைக் கெட்டித்தனமாகச் செய்தது, தொடக்கத்திலேயே ஒரு குறிசொல்லும் பெண் இரண்டு நல்ல குணங்களை மோதவிட்டு எதைத் தேர்வாய் என்று கேட்பாள், உண்மையா இரக்கமா என்பது மாதிரி. நீ என்ன ஆள் என்று அவள் கேட்பதில்லை. நானும் இப்போது தாளில் அந்தக் கட்டத்துக்குப் பதிலாக ‘எதைச் செய்யவே மாட்டாய், எதுக்காகச் செய்வாய்’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.

சரி, துறையில் விட்ட கதை. அக்கா கடைசியில் தன் துண்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கரையில் நின்றா. அழகான முடிவு என்று நான் நினைக்க, கள்ளன் கேட்டான், “தகப்பனுக்கு?” மூன்று வயசுப் பிள்ளை தனியாகவா போகும். அவன் கட்டையை உருட்டினான், வியாபாரியின் இடுப்பிலிருந்து ஒரு துண்டு வந்தது, ஒரு மூட்டை கரையில் நின்றது. அக்காவின் பலடின் அதைக் கண்டாளா என்று பார்க்க அவவையும் உருட்டச் சொன்னேன். பதினேழு. தெளிவாகக் கண்டாள்.

“என்ன செய்யிறீங்க அக்கா?”

கனநேரம் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தா. “நான் ஆத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்” என்றா.

மேசை ஒரே கூச்சல். ஆனால் 1978 விதி இதற்கு என்ன சொல்கிறது என்று அவவே கேட்டா. அறிந்தே ஒழுங்கை மீறிய பலடின், ஏழாம் நிலைக்குக் குறையாத ஒரு லோஃபுல் குட் பூசகரைத் தேடிப்போய்ப் பாவத்தைச் சொல்லி, அவர் விதிக்கிற பிராயச்சித்தத்தைச் செய்ய வேண்டும். அறிந்தே தீமை செய்தால் மன்னிப்பே இல்லை, பலடின் பட்டம் அந்தக் கணமே போய்விடும். நாங்கள் ஆடுவது புதிய விதி, இதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “இல்ல, நான் போகத்தான் வேணும். ஒழுங்கைத்தான் மீறினன், தீமை செய்யேல்ல, அதை அவர் சொல்லட்டும்” என்றா. கள்ளன் தானும் கூட வருவானாம், சாட்சிக்கு.

அடுத்த போயாவுக்கு நான் ஒரு பூசகரையும் ஒரு பிராயச்சித்தத்தையும் தயார்பண்ண வேண்டும். அதற்கிடையில் எஞ்சின்காரன் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான், பாதையில் பன்னிரண்டு துண்டுதான், வியாபாரியின் மற்ற மூன்று மூட்டைகளும் ஏறிவிட்டன, எங்கள் ட்ரூயிட் அவனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான், ஆற்றின் நடுவில் அவன் துண்டுகளை எண்ணத் தொடங்கினால் முதலில் யாரைக் கேட்பான் என்று. தம்பி இப்போது தினமும் மெசேஜ் போடுகிறான், தன் கட்டத்தை மாற்றலாமா என்று.